சிவப்புத் துணி கட்டிய டேங்க்

பதினெட்டுக் கிலோ எவ்வளவு என்று என் கழுத்தைக் கேட்டால் சரியாகச் சொல்லும். இருபத்தோரு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்த கழுத்து. ஒரு நாள் பேர் விழ, அதாவது முழு நாள் கூலி கிடைக்க, பதினெட்டுக் கிலோ எடுக்க வேண்டும் என்று எங்கள் தோட்டத்தில் வைத்திருந்தார்கள். சாக்கின் கயிற்றைத் தலையில் மாட்டி, சுமையை முதுகில் தொங்கவிட்டு மலை இறங்கும்போதே, இன்றைக்குப் பதினேழரை, இன்னும் இரண்டு பிடி போட வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். கணக்கப்பிள்ளை எடையைச் சொல்லும்போது நான் தராசைப் பார்க்கமாட்டேன், அவர் முகத்தைப் பார்ப்பேன். என்னிடம் அரைக் கிலோவைக்கூட வாய்க்கு வந்தபடி குறைத்துச் சொல்ல முடியாது என்று அவருக்கும் தெரியும். இதில் எனக்குத் திமிர் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அந்தத் திமிர் ஒரு மனிதனைக் கொல்லப் பார்த்த கதையைத்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் கடலில் வேலை செய்கிறார். கடல்மேல் இல்லை, கடலுக்கு அடியில். எங்கள் தோட்டத்துக் கீழ் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். அவர் குடும்பத்தில் யாருக்கும் நீச்சல் தெரியாது. ஆறு என்றால் துணி துவைக்கிற இடம், அவ்வளவுதான். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய், அங்கே முதலாளியோடு சண்டை பிடித்து, தெற்கே ஒரு படகுப் பட்டறையில் சேர்ந்து, ஒரு சிங்கள மனிதரிடம் முக்குளிக்கக் கற்றுக்கொண்டார். இப்போது அந்த மனிதரின் ஆட்களில் ஒருவராகக் கிழக்குக் கரையில் வேலை. லயத்தில் இதைச் சொன்னபோது பக்கத்து வீட்டுக்காரி, "தண்ணிக்கு அடியில என்னா, தோட்டமா வச்சிருக்காங்க?" என்று கேட்டாள். "ஆமா, அங்கயும் நெரை புடிச்சுத்தான் எடுக்குறாங்க" என்றேன் நான். விளையாட்டுக்குச் சொன்னாலும் அது பொய் இல்லை.

அங்கே பாறைகளில் கறுப்பாக, நீளமான முட்களோடு ஓர் உருண்டை ஒட்டிக்கொண்டிருக்கும். படித்தவர்கள் அதைக் கடல் முள்ளெலி என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு முள்ளு என்றுதான் பெயர். ஜனங்கள் குளிக்கிற இடத்தில் அது அளவுக்குமேல் பெருகிவிட்டது. கால் வைத்தால் குத்தும், குத்தினால் முள் உள்ளேயே ஒடிந்துபோகும். பாறையில் வளர்கிற பாசி, பவளம் எதையும் விடாமல் சுரண்டித் தின்றுவிடுமாம். அதைக் கொக்கியால் நெம்பி எடுத்து, இடுப்பில் கயிறு கட்டிய வலைப் பையில் போட்டு மேலே அனுப்புவது இவர்கள் வேலை. ஒரு பாறை முடிந்தால் அடுத்த பாறை. முள்ளு பாறை இடுக்குக்குள்ளேதான் ஒளிந்திருக்கும் என்பதால் பாதி நேரம் தலை கீழே, கால் மேலே. லீவில் வரும்போது அவர் உள்ளங்கையெல்லாம் கறுப்புப் புள்ளியாக இருக்கும். ஊசியைச் சூடாக்கி ஒவ்வொன்றாக நான் எடுப்பேன். வலித்தாலும் கையை இழுக்கமாட்டார்.

அவர் கடலில் இருக்கும் மாதங்களில் எனக்குப் பயம். பயம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம், ஆனால் அது சோறு ஆக்கும்போதும் கொழுந்து எடுக்கும்போதும் வயிற்றில் உட்கார்ந்திருக்கும். குளிக்கப் பீலிக்கு, மலைத் தண்ணீர் விழுகிற குழாய்க்குப் போய்த் தண்ணீர் முகத்தில் ஊற்றினாலே மூச்சு ஒரு கணம் நிற்கும், உடனே அவர் ஞாபகம் வந்துவிடும். இது போதாதென்று ஒரு நாள் ஒரு கதை சொன்னார். வேறு ஆட்களோடு வேலை செய்த ஒருவன், தலைகீழாகக் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தபோது, வாயில் காற்று வருவதற்குப் பதில் தண்ணீர் வந்ததாம். முதுகில் மாட்டுகிற காற்று டேங்குக்குள்ளேயே தண்ணீர் கிடந்திருக்கிறது. நிமிர்ந்திருக்கும் வரைக்கும் அது அடியில் பேசாமல் கிடக்கும், தலைகீழானால் வாய்க்கு வந்துவிடும். "அப்பறம்?" என்று கேட்டேன். "அப்பறம் என்னா, கஷ்டந்தான்" என்று பேச்சை மாற்றினார். அவர் அந்தக் கதையை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. அல்லது, இப்போது நினைத்தால், இன்னும் நன்றாகச் சொல்லியிருக்க வேண்டும்.

சித்திரை வருஷப் பிறப்புக்கு வீட்டுக்கு வந்திருந்தார். லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது அவருடைய பெரியவர், முக்குளிக்கக் கற்றுக்கொடுத்த அந்தச் சிங்கள மனிதர், போனில் கூப்பிட்டார். ஹட்டனில் ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் இரும்பு டேங்குகள் முப்பது போலக் கிடக்கின்றன, எங்கேயோ அணைக்கட்டு வேலை செய்த கம்பெனி விட்டுப்போனது, நீதான் பக்கத்தில் இருக்கிறாயே, நல்லதாகப் பத்து பார்த்து எடு, லொறி அனுப்புகிறேன் என்றார். இவருக்கு ஒரே சந்தோஷம். அடுப்படியில் உட்கார்ந்து எனக்குப் பாடம் நடத்தினார்.

"இப்ப எங்ககிட்ட இருக்கது அலுமினியம். காத்து தீரத் தீர மெதக்கப் பாக்கும். நான் கீழ போகணும்னு நெனைக்கிறேன், அது மேல போகணும்னு நெனைக்குது. ஒரு கையில பாறையப் புடிச்சுக்கணும், ஒரு கையில கொக்கி, பையைப் புடிக்க எனக்கு மூணாவது கையா இருக்கு? இரும்பு அப்புடி இல்ல. கடசி வரைக்கும் அமுக்கிக்கிட்டு நிக்கும். அதோட இது பெருசு. ஒரு டேங்குல காலையில எறங்கினா பகலைக்குத்தான் ஏறணும்."

"அவ்வளவு நேரம் உள்ளயே இருக்கணுமா?" என்றேன்.

"அதுக்குத்தான பெரிய டேங்கு" என்றார்.

பெரிய டேங்க் என்றால் அதிக நேரம் தண்ணீருக்குள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தோன்றியது. அதிக நேரம் உள்ளே இருக்கப்போகிறார் என்றால் இருக்கிறதிலேயே நல்ல டேங்க் அவர் முதுகில் இருக்க வேண்டும். நானும் வருகிறேன் என்றேன். லீவு முடிகிற நாட்களில் அவர் எங்கே போனாலும் நான் கூடவே போவது வழக்கம், அவரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

வியாபாரியின் கொட்டகை ஹட்டன் டவுனைத் தாண்டி ஒரு சரிவில் இருந்தது. தகரக் கூரை. நாங்கள் போய்ச் சேரவும் பகல் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நின்று பேசுவதே கேட்கவில்லை. வியாபாரி ஒரு முஸ்லிம் பெரியவர், நல்ல மனிதர். எங்களுக்குப் பால் இல்லாத பிளேன்டீ கொடுத்துவிட்டு, "ரெண்டு மழைக்காலமா இங்கயேதான் கெடக்கு தம்பி. நான் இதப் பத்தி ஒன்னும் அறியேன். பாத்து எடுத்துக்கங்க" என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. அதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

டேங்குகள் சாக்குப் படுதாவுக்குக் கீழே சிலது நின்றன, சிலது படுத்துக் கிடந்தன. எல்லாம் ஒரே அச்சு, ஒரே அளவு. இவர் ஒவ்வொன்றாக வெளியே துரு தின்றிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, தின்றவைகளை ஒதுக்கினார். பதினெட்டோ இருபதோ மிஞ்சின. பிறகு ஒவ்வொன்றின் திருகையும் ஒரு கணம் திறந்து மூடினார். எல்லாம் உஸ் என்றன.

"எல்லாத்துலயும் பழைய காத்து இருக்கு. எதுல எவ்வளவுன்னுதான் தெரியல. நெறைய காத்து நிக்கிற டேங்குன்னா வாய் நல்லா இருக்குன்னு அர்த்தம், ஒழுகல. மீட்டர அங்கயே வச்சிட்டு வந்துட்டேன்" என்று தலையைச் சொறிந்தார்.

"காத்துக்கு எடை இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்காம எப்புடி? இது நெறைஞ்சா மூணு கிலோவுக்கு மேல ஏறும்."

நான் டீக் கோப்பையைக் கீழே வைத்தேன். வியாபாரியிடம் ஒரு வெறும் சாக்கும் கயிறும் வாங்கி, கொழுந்துச் சாக்கைப்போலக் கட்டினேன். இடுப்பில் செருகியிருந்த சிவப்புத் துணியை மடித்துக் கயிற்றுக்குக் கீழே தலையில் வைத்தேன். "ஒன்னொன்னா ஏத்துங்க" என்றேன். இவர் சிரித்தார், ஆனால் ஏற்றினார். வெறும் டேங்க் பதினேழு பதினெட்டு என்று அவர் சொல்லியிருந்தார். அதாவது ஒரு நாள் பேர். என் கழுத்துக்கு அதைவிடத் தெரிந்த எடை உலகத்தில் கிடையாது.

ஒவ்வொன்றையும் மாட்டிக்கொண்டு கொட்டகையின் அந்த முனைவரை நடந்து திரும்பினேன். இது பத்தொன்பது. இது பதினெட்டுக்குக் கொஞ்சம் மேலே. இது இருபது. இவர் சுண்ணக் கட்டியால் டேங்கில் எழுதிக்கொண்டே வந்தார். சந்தேகத்தில் ஒன்றை இரண்டாம் முறை ஏற்றினார், அதே எடைதான் சொன்னேன். வியாபாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். "தராசு தோத்துப் போச்சு" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

கடைசிக்கு முன்னால் ஒன்று. அதைத் தூக்கியதும் கழுத்து சொன்னது, இருபத்தொன்று. மற்ற எதைவிடவும் ஒரு கிலோ அதிகம். நடந்தபோது முதுகில் என்னவோ மெதுவாக அசைந்தது. பிள்ளை வயிற்றில் புரளும்போது தெரியுமே, அப்படி. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை, மழைதான் தகரத்தை அடித்துக்கொண்டிருந்ததே. காற்று நிறைய இருக்கிறது, அதுதான் உள்ளே அலைகிறது என்று நினைத்துக்கொண்டேன். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ முறை என்னைக் கேட்டுவிட்டேன். சொன்னால் அவர் சந்தேகப்பட்டு ஒதுக்கிவிடுவாரோ என்று இருந்திருக்கும். நான்தான் தராசு, தராசு எங்கேயாவது சந்தேகம் சொல்லுமா?

"இதுதான் இருக்கதிலேயே நல்லது" என்றேன். "இத நீங்கதான் போடணும். வேற யாருக்கும் குடுக்கக் கூடாது."

"சரிங்க கணக்கப்புள்ள" என்றார்.

தலையில் வைத்திருந்த சிவப்புத் துணியை எடுத்து அந்த டேங்கின் கழுத்தில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். லொறி வந்ததும் அதை நானே சுமந்துபோய் ஏற்றினேன். அதைச் சுமந்து நடக்க நான் அவரை விடவே இல்லை. நடந்திருந்தால் உள்ளே அசைந்ததை அவர் கண்டுபிடித்திருப்பார்.

அதற்கடுத்த நாள் அவர் புறப்பட்டுப் போனார். வழக்கம்போல நான் அழவில்லை, வழக்கம்போல பஸ் திரும்பியதும் அழுதேன். ஆனால் அந்த முறை வயிற்றிலிருந்த பயம் கொஞ்சம் இறங்கியிருந்தது. நான் பார்த்துக் கொடுத்த டேங்க், நான் கட்டிய துணி. போய்ச் சேர்ந்து மூன்றாம் நாள் சாயங்காலம் பேசினார். பழைய காற்றையெல்லாம் திறந்துவிட்டுப் புதுக்காற்று நிரப்பிவிட்டார்களாம். கடல் நன்றாக அடங்கியிருக்கிறதாம். "நாளைக்குத்தான் புது டேங்குல மொத நாள்" என்றார். "செவப்புத் துணி பத்திரமா இருக்கா?" என்று கேட்டேன். இருக்கிறது என்றார்.

அடுத்த நாள் காலையிலிருந்தே மலையில் மழைத் தூறல். பகல் நிறுவைக்கு நான் இறங்கியபோது என் கழுத்து பதினைந்து என்று சொல்லியது. கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினார். எனக்குச் சுர்ரென்று வந்தது.

"பதினஞ்சு இருக்குங்க. தராசுல முள்ளு எங்க நிக்குதுன்னு பாருங்க."

"பதினஞ்சு நிக்குது. நான் இல்லைங்கல" என்றார். "மூணு தண்ணிக்குக் கழிச்சிருக்கு."

"மூணு கிலோ தண்ணியா? நேத்தும் இதே சாக்கு, இதே கொழுந்துதான?"

அவர் கோபப்படவில்லை. சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி கொழுந்தை எடுத்து என் முன்னால் பிழிந்தார். விரலிடுக்கு வழியாகத் தண்ணீர் ஒழுகி என் காலில் விழுந்தது. "அதே சாக்கு, அதே கொழுந்து. அப்பன்னா கூட இருக்கது என்னா? நீயே சொல்லு" என்றார்.

தண்ணி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.  அதே அச்சு, அதே அளவு, அதே இரும்பு. அப்படியானால் கூட இருந்த ஒரு கிலோ என்ன? முதுகில் புரண்டது என்ன? காற்று எப்படி ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் புரளும்? இருபத்தோரு வருஷமாக மழை நாளில் ஈரக் கொழுந்து கனக்கும் என்று தெரிந்தவள் நான். கனமாக இருந்தால் நல்லது என்று நம்பாதே, பிழிந்து பார் என்று தோட்டமே எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. ஹட்டன் கொட்டகையில் அது எங்கே போயிற்று?

அவர் சொன்ன கதை அப்போது முழுதாகத் திரும்பி வந்தது. தலை கீழே, கால் மேலே. வாயில் காற்றுக்குப் பதில் தண்ணீர். மொத நாள். இன்றைக்குத்தான் மொத நாள்.

சாக்கை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். கங்காணி பின்னால் கத்தினார், "எங்க ஓடுற? அரப் பேருதான் விழும்." விழட்டும். எங்கள் பக்கத்தில் போன் பேச வேண்டுமென்றால் மேட்டு மாடசாமி கோவிலுக்கு ஏற வேண்டும், வேறு எங்கேயும் சிக்னல் நிற்காது. படிக்கட்டு ஈரத்தில் வழுக்கியது. இரண்டு தடவை விழுந்தேன், முழங்கால் கிழிந்தது பிறகுதான் தெரிந்தது. போன் நனையக் கூடாதென்று சட்டைக்குள் போட்டிருந்தேன். ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது, அந்த மூச்சுக்கூட அவருடையதை நான் எடுத்துக்கொள்கிற மாதிரி இருந்தது.

முதல் முறை அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது, பிறகு ஒரு பெண் மூன்று பாஷையிலும் அவர் பதில் சொல்லவில்லை என்று சொன்னாள். இரண்டாம் முறை, மூன்றாம் முறையும் அதே பெண். அவர்கள் இரண்டிரண்டு பேராக ஒரு சின்னப் படகில் போவார்கள், ஒருவர் கீழே இறங்கினால் மற்றவர் மேலே படகைப் பார்த்துக்கொள்வார், பிறகு மாற்றிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். போன் படகில்தான் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருக்கும். அவருடைய கூட்டாளி மேலே இருந்தால் அவனாவது எடுப்பானே? எடுக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் நான் அந்தக் கோவில் படியில் நினைத்துவிட்டேன். சவப்பெட்டி எந்த பஸ்ஸில் வரும் என்றுகூட நினைத்தேன். அப்படியெல்லாம் நினைத்ததற்கு எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. மாடசாமியிடம் வேண்டிக்கொள்ளவும் வாய் வரவில்லை. நான் கட்டிய துணி, நீ என்ன செய்வாய் என்றுதான் சாமியைப் பார்த்தேன்.

ஏழாவது முறையோ எட்டாவது முறையோ, எடுத்தார். அவர் குரல்.

"என்னா, வேலை நேரத்துல? மோட்டார்ல கைய வச்சிருந்தேன், கேக்கல."

 எனக்கு எல்லாம் ஒன்றாக வந்தது. "அந்த டேங்கப் போடாதீங்க. செவப்புத் துணி டேங்கு. போட்டீங்களா? போட்டீங்களா?"

"இல்ல, நான் போடல. ஏன்?"

நான் படியில் உட்கார்ந்தேன். அழுதேனா சிரித்தேனா தெரியாது, இரண்டும்தான். "அதுக்குள்ள தண்ணி இருக்குங்க. காத்து இல்ல, தண்ணி. நான் தூக்கும்போது உள்ள அசைஞ்சிச்சு, நான் சொல்லல. அதான் கனம். ஒரு போத்தல் தண்ணி கெடக்கு அதுக்குள்ள."

 அந்தப் பக்கம் படகில் அலை தட்டுவது மட்டும் கேட்டது. நான் அவரைத் தேற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னேன். அந்த வார்த்தையை இங்கே எழுதாமல் விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் சொன்னேன்.

"அதான் நீங்க போடலையே. பரவால்ல."

"அவன் போட்டிருக்கான்" என்றார். "அவனுக்குக் காத்து சீக்கிரம் முடியும். இருக்கதுலயே நல்லது, காத்து ஒழுகாதது அதுதான்னு நீ சொன்னியே, அதான் அவனுக்குக் குடுத்தேன். இப்ப கீழதான் இருக்கான்."

போன் எதன் மேலேயோ விழுந்த சத்தம். பிறகு இரும்பில் இரும்பு அடிக்கிற சத்தம், தங், தங், தங். படகின் இரும்பு ஏணியைக் கொக்கியால் அடிக்கிறார். மூன்று அடித்தால் மேலே வா என்று அர்த்தம், தண்ணீருக்குள் அது நன்றாகக் கேட்கும் என்று சொல்லியிருக்கிறார். தங், தங், தங். நிறுத்திப் பார்க்கிறார். திரும்பவும் தங், தங், தங். "மேல வா டா" என்று சாதாரணமாகக் கூப்பிடுகிற மாதிரி ஒரு முறை சொன்னார். அதற்குப் பிறகு தண்ணீரில் ஒரு பெரிய சத்தம். அவர் குதித்துவிட்டார்.

இப்போது படகில் யாரும் இல்லை. போன் திறந்தே கிடந்தது. நான் யாருமில்லாத படகோடு பேசிக்கொண்டிருந்தேன், என்னங்க, என்னங்க என்று. படகின் அடியில் தண்ணீர் தட்டுகிற சத்தம், எங்கேயோ ஒரு பறவை, அவ்வளவுதான் வந்தது. அவர் டேங்க் மாட்டாமல் குதித்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது, மாட்ட நேரமில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். என்னால் முடிந்தவரை பிடித்துவிட்டு விட்டேன், திரும்பவும் பிடித்தேன், திரும்பவும் விட்டேன். இன்னும் யாரும் வரவில்லை. மூடுபனி கோவிலைச் சுற்றி வந்து என் கையையே மறைத்தது. கீழே மலையில் பெண்கள் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. என் வாழ்க்கையில் அத்தனை பயந்ததில்லை. இரண்டு ஆண்கள் தண்ணீருக்கு அடியில், இரண்டு பேரையும் அனுப்பியது நான்.

பிறகு இருமல். ஒரு மனிதன் குடல் வெளியே வருகிற மாதிரி இருமுகிற சத்தம். ஏணியில் யாரோ விழுந்து எழும்புகிற சத்தம். யாருடைய இருமல் என்று தெரியவில்லை. நான் காதைப் போனோடு ஒட்டி வைத்துக்கொண்டு கேட்டேன்.

"இருக்கியா?" அவர்தான்.

"இருக்கேன்."

"வந்துட்டான். வாந்தி எடுக்குறான். இருக்கான்." அவருக்கே மூச்சு வரவில்லை. "வச்சிரு, பொறகு பேசுறேன்."

பாறைக்குக் கீழே ஒரு பொந்துக்குள் தலைகீழாக நுழைந்தபோது கூட்டாளிக்கு வாயில் தண்ணீர் வந்திருக்கிறது. இருமிக்கொண்டு பின்னால் நகர்ந்திருக்கிறான். இடுப்பில் கட்டியிருந்த பைக் கயிறு பாறையில் மாட்டிக்கொண்டது. பை நிறைய முள்ளு, இழுக்க இழுக்க இறுகியது. கத்தியை எடுக்கக் கை வரவில்லை. ஏணிச் சத்தம் கேட்டதாம், வர முடியவில்லையாம். இவர் இறங்கிக் கயிற்றை அறுத்து மேலே கொண்டுவந்தார். இவர் கைகள், மார்பு எல்லாம் முள் ஏறியிருந்தது. இதெல்லாம் அன்று சாயங்காலம் சொன்னது. இவருடைய பெரியவர் மற்ற ஒன்பது டேங்குகளையும் கழற்றிக் காயவைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டாராம். சிவப்புத் துணி டேங்கின் வாயைக் கழற்றிக் கவிழ்த்தபோது தண்ணீர் ஊற்றியது.

"என்னா கலரு தெரியுமா?" என்றார். "நம்ம பிளேன்டீ கலரு. ஒரு போத்தலுக்கு மேல இருக்கும்."

"ஒரு கிலோ" என்றேன். என் கழுத்து சரியாகத்தான் சொல்லியிருந்தது.

 பிறகு, "நீதான் பாத்து எடுத்தன்னு இப்ப யார்கிட்டயும் சொல்ல வேணாம். மழையில தண்ணி ஏறிருச்சுன்னு சொல்லிட்டேன். ஒனக்கு மனசுல என்னமோ பட்டுச்சு, அதான் போன் பண்ணினன்னு சொல்லியிருக்கேன். அவனும் அப்புடித்தான் நெனைக்கிறான்" என்றார்.

"அதையே இருக்கதுல நல்லதுன்னு நீங்க அவனுக்குக் குடுத்தீங்களே" என்றேன்.

"ஆமா" என்றார். "அதையும் சொல்லல."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கணக்கப்பிள்ளை அரைக் கிலோ கூடக் குறையச் சொன்னால் சண்டைக்கு நிற்கிறவள் நான்.

பத்து நாள் கழித்துத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன் வந்தது. மேட்டுக் கோவில் பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.  எடுத்தால் ஒரு பெண் குரல், கிழக்குக் கரைப் பேச்சு. கூட்டாளியின் மனைவி. அவளுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

"அக்கா, உங்களத் தெரியாது, ஆனா உங்களத்தான் நெனச்சுக்கொண்டிருக்கன்" என்றாள். "நீங்க போன் அடிக்காட்டி இவர் இண்டைக்கு இல்ல. உங்கட மனசுல எப்பிடிப் பட்டுது எண்டு நாங்க எல்லாரும் கதைக்கிறம்."

 "அவரு நல்லா இருக்காரா?" என்று கேட்டேன்.

"இருக்கிறார் அக்கா. வேலைக்கும் போறார். எனக்குத்தான் பயம். அவர் போனா வரும் வரைக்கும் வயித்துக்குள்ள ஒண்டு இருந்து புரளுது." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "அந்த டேங்கில நீங்க செவப்புத் துணி ஒண்டு கட்டி விட்டிருந்தீங்களாமே. அதுதான் காப்பாத்தினதெண்டு எனக்கு ஒரு நம்பிக்கை. அத இவர்ட்டக் கேட்டு வாங்கிக் கழுவி, புள்ளையின்ட தொட்டில் கயித்தில கட்டியிருக்கன்."

அதை அவிழ்த்துப் போடு என்று சொல்ல வாயெடுத்தேன். அது காப்பு இல்லை, நான் போட்ட அடையாளம், தண்ணீர் கிடக்கிற டேங்கை உன் புருஷன் முதுகுக்குக் காட்டிக் கொடுத்த அடையாளம் என்று சொல்ல வேண்டும். உன் புருஷன் கீழே இருப்பது தெரியுமுன்னே நான் பரவாயில்லை என்று சொன்னவள் என்று சொல்ல வேண்டும். மூச்சை இழுத்தேன்.

"புள்ள நித்திரை அக்கா, மெதுவாக் கதையுங்க" என்றாள்.

நான் குரலைத் தாழ்த்தி, "சரிம்மா, தூங்கட்டும்" என்றேன்.